மூன்றாம் ஞாயிறுக்கான பதிவு

டப்பாவில் இருபத்தொன்பதுதான் இருந்தது.

மருமகள் விரலை வைத்து மறுபடி எண்ணினாள். முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு, அடுத்தது நேராக நான்காம் ஞாயிறு. நடுவில் மூன்றைக் காணோம்.

மணி ஒன்பது. மாமாவைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக நாலு மணிக்குக் கார் வரும். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

மாமா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஏறினால் ஏழு மாதம் கழித்துத்தான் வீடு. என்ஜின் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனாலும் நடுக்கடலில் அது வெறும் டார்ச் லைட். அதனால் பதினோரு வருடமாக அவருக்குத் துணை, சட்டைப்பையில் கிடக்கும் இந்தப் பழைய பாட்டுப் பெட்டிதான். கையுறையைக் கழற்றாமலே அழுத்தலாம், அவ்வளவு பெரிய பொத்தான்கள். ஓரமெல்லாம் கீறல். வீட்டில் அதற்குப் பொடிடப்பா என்று பேர்.

பாட்டெல்லாம் சும்மா பேருக்கு. அவர் உயிரை வைத்திருப்பது வீட்டார் பேசிப் பதிந்து கொடுக்கும் முப்பது பதிவுகளில். வாரத்துக்கு ஒன்று, ஞாயிறுதோறும் கேட்க. மகன் செய்தி வாசிப்பதுபோல் தெருச் சமாசாரம் எல்லாம் வாசிப்பான். ஒன்றில் ஜன்னல் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் பத்து நிமிடம் வரும். அத்தை தன் பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே வசனம்தான் பேசுவாள். "சாப்பிட்டீங்களா? உடம்பைப் பாத்துக்கோங்க."

இந்த முறை மூன்றாம் ஞாயிறு மருமகளுடையது.

அதில் என்ன இருந்தது என்பது வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும், நாலாவது ஆளான மாமாவுக்குத்தான் தெரியாது. பத்து நாளைக்கு முன்னால் மருத்துவமனையில் அத்தைக்குச் சோதனை முடிந்தபோது மருமகள்தான் கூட இருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர் நம்ம வீட்டு வாசலைத் தாண்டற வரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. நாலு நாள் அத்தையோடு மல்லுக்கட்டி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். கப்பல் முதல் துறைமுகத்தைத் தொடப் பதினெட்டு நாள். அங்கிருந்து அவர் போன் பேசலாம், தேவைப்பட்டால் விமானம் ஏறி வரலாம். கணக்காக அந்த நேரத்தில் அவர் கேட்கிற மாதிரி விஷயத்தை மூன்றாம் ஞாயிறுக்கான பதிவில் வைத்துவிடுவது. அத்தையும் சரியென்று தலையாட்டினாள்.

அந்தப் பதிவைத்தான் இப்போது காணோம்.

மருமகளுக்கு இந்த மாதிரிக் கோளாறெல்லாம் புதிதல்ல. காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். கல்யாணமாகி வந்த மாதமே மாமாவின் ஷேவரைப் பிரித்து மாட்டினாள். அன்றிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"என்ன மெக்கானிக், மூச்சு இருக்கா?" மாமா வாசற்படியில் நின்று கேட்டார்.

"மூச்சு இருக்கு மாமா. தொண்டையில அழுக்கு." லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வயர் சொருகும் துளையைப் பார்த்தாள். எண்ணெயும் நூல்பிசிறும் சேர்ந்து உள்ளே மெத்தையாகப் படிந்திருந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டாள்.

மாமா ஒரு பிசிறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய இடதுகையில் இரண்டு விரல்கள் ஒரு கணு குறைவு. கேட்டால், ஒரு போல்ட்டுக்குப் பசி, சாப்பிட்டுவிட்டது என்பார்.

"இது என் பழைய வேலை உடுப்பு. நீல நிறம். போன கப்பலுக்கு முந்தின கப்பல்." அதை ஊதிவிட்டார். "ரொம்ப மெனக்கெடாதே. ஆகலேன்னா போன தடவைப் பதிவுகளே போதும். எல்லாம் மனப்பாடம், ஆனா அலுக்கல."

"புதுசுதான் கொண்டுபோறீங்க. முடி வெட்டப் போகணும்னு சொன்னீங்களே?"

"விரட்டறியா? போறேன்."

அவர் போனதும் துளையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலரவிட்டாள். பதிவின் மூலம் அவள் போனில் பத்திரமாக இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு டப்பாவைச் சொருகினாள். இந்த ஏற்பாட்டில் ஒரே விதிதான். கம்ப்யூட்டர் பட்டியலில் இருப்பது டப்பாவிலும் வரும், பட்டியலில் இல்லாதது டப்பாவிலிருந்தும் போய்விடும். சொருகினால் தானாகவே இரண்டும் ஒன்றாகிக்கொள்ளும். அதற்குத்தான் சிங்க் என்று பேர்.

பச்சைக் கோடு பாதிவரை ஓடி நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்றது திரை.

சரிதான், நேற்றுச் சாயங்காலமும் இப்படித்தான் அறுந்திருக்கும், மூன்றாவது அதில்தான் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையைக் குடைந்தாள். இன்னும் மூன்று வயர்கள் இருந்தன. முதல் வயர் செத்துப்போயிருந்தது. இரண்டாவது டப்பாவுக்குச் சார்ஜ் ஏற்றியது, வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாவது வயரில் கோடு தயங்கித் தயங்கிக் கடைசிவரை போனது.

முப்பது.

இயர்போனை மாட்டி மூன்றாவதை ஓடவிட்டாள். "மாமா, நான்தான் பேசறேன். பதறாம கேளுங்க..." அதற்குமேல் கேட்க அவளால் முடியவில்லை. நிறுத்திவிட்டு, சார்ஜ் ஏறட்டும் என்று டப்பாவை அங்கேயே விட்டு மாமாவின் மாத்திரைகளைப் பிரித்துக் கட்டப் போனாள்.

அத்தை கையில் தூசித் துணியோடு கூடத்துக்கு வந்தாள். "ஆச்சாம்மா?"

"ஆச்சு அத்தை."

"நல்லது," என்றாள் அத்தை. கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டப்பாவில் இருபத்தொன்பது.

இப்போது மருமகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிவிலேயே ஏதோ பிசகு இருக்கவேண்டும், இந்தக் கிழட்டு டப்பாவுக்கு அது செரிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றினாள். நீளமான பேரைச் சுருக்கினாள். இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்து டப்பாவை அணைத்து எழுப்பினாள். மறுபடி ஏற்றினாள். முப்பது. வயரைப் பிடுங்கிப் பார்த்தாள், முப்பது. மறுபடி சொருகினாள், அப்போதும் முப்பது. "இனிமே எங்க போவே?" என்று அதனிடமே கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சாப்பாட்டின் நடுவில் கணவன் கூப்பிட்டான். அவனுக்கு பஸ் டிப்போவில் பகல் ஷிஃப்ட். மருமகள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தறேன், ஏத்தறேன், மூணாவது மட்டும் தங்க மாட்டேங்குது."

"அம்மா இதுக்கு ஒத்துக்கிட்டதே எனக்கு இன்னும் நம்ப முடியல. அவங்க எதுக்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டி நான் பாத்ததே இல்ல."

"நாலு நாள் சீக்கிரமா?"

"எங்க அம்மாவுக்கு அது சீக்கிரம்தான்."

திரும்பி வந்தபோது மாமா தட்டில் மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டிருந்தார். அத்தை சமையலறையில் இல்லை, கூடத்துப் பக்கமிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள்.

இரண்டேகாலுக்கு டப்பாவில் இருபத்தொன்பது.

மருமகள் அதைத் தொடவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் ஞாபகம் வந்தார். தினமும் சாயங்காலம் அவருடைய கருவி செத்துப்போகிறது என்று வருவார். அவள் பேட்டரியை மாற்றினாள், குழாயை மாற்றினாள், மைக்கையே மாற்றினாள். கடைசியில்தான் தெரிந்தது, மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவரே அணைத்துவிடுகிறார்.

கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையைத் திறந்தாள்.

மூன்று பிரதிகள் கிடந்தன. மூன்றும் மூன்றாம் ஞாயிறு. பக்கத்தில் நேரம் போட்டிருந்தது. காலை ஆறு நாற்பது. பதினொன்று இருபத்தைந்து. ஒன்று பத்து.

பழைய டப்பா ஒரு பதிவை ஏற்க மறுக்கலாம், பாதியில் நின்றுவிடலாம். எடுத்துக் கூடையில் போடாது. போட ஒரு கை வேண்டும். பதினொன்று இருபத்தைந்துக்கு மாமா முடி வெட்டும் நாற்காலியில் இருந்தார்.

அத்தை படுக்கையறையில் மாமாவின் வேலை உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா பின்கட்டில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் சத்தம் கேட்டது. மருமகள் கதவை ஒருக்களித்தாள்.

"அத்தை, குப்பைக் கூடையைப் பாத்தேன்."

"காலையிலேயே கொட்டிட்டேனே."

"கம்ப்யூட்டர்ல இருக்கிற கூடை."

அத்தையின் கை சட்டையின் மேல் நின்றது. "அதுக்குன்னு ஒரு கூடை வேற இருக்கா?" என்றாள் மெதுவாக.

"அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதுன்னீங்க."

"பதினோரு வருஷமா உன் புருஷன் பக்கத்துல நின்னு பாக்கறேன். அழிக்க எத்தனை படிப்பு வேணும்?"

"என்கிட்ட ஒத்துக்கிட்டீங்களே அத்தை."

"ஒத்துக்கலேன்னா நீ விடுவியா?" அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, அதை மறைக்கச் சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "மூணாம் ஞாயிறு, துறைமுகம், பதினெட்டு நாள்னு நீ கணக்கா போட்ட. வாரத்துக்கு ஒன்னா கேக்கறார்னு நீங்க ரெண்டு பேரும் நெனச்சிட்டிருக்கீங்க. அவர் ஏறின ரெண்டாம் நாளே முப்பதையும் கேட்டு முடிச்சிடுவார். அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து. என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கார். பசங்க ஆசையா பண்றாங்க, தெரிஞ்சா வருத்தப்படுவாங்கன்னார்."

மருமகள் போட்டு வைத்திருந்த பதினெட்டு நாள் கணக்கு இரண்டாகச் சுருங்கியது.

"அந்த விரல் எப்படிப் போச்சுன்னு உனக்கு என்ன சொல்லியிருக்கார்?"

"போல்ட்..."

"உன் புருஷனுக்கு அப்ப நாலு வயசு. மூளைக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. நான் பயந்துபோய்க் கம்பெனி மூலமா சேதி அனுப்பிட்டேன். பிள்ளைக்கு சீரியஸ்னு. அடுத்த கரை பதினோரு நாள். மூணாம் நாளே பிள்ளை கண்ணைத் தொறந்து பால் கேட்டான். அதையும் சொல்லி அனுப்பினேன், அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரல. அஞ்சாம் நாள் புத்தி இங்க இருக்க, கை மிஷினுக்குள்ள போயிடுச்சு." அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு விரலோட போச்சு. இந்தத் தடவை எத்தனைன்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

காலையிலிருந்து எதற்காக இந்தப் பாடு பட்டோம் என்று மருமகளுக்கு உறைத்தது. வயரும் துளையும் அல்ல, தன் ஏற்பாடே கோளாறு. அத்தை மூன்று முறை அழித்திராவிட்டால் நாளை மறுநாள் நடுக்கடலில், சுழலும் இரும்புக்கு நடுவே, அவர் அதைக் கேட்டிருப்பார்.

"நீங்க அழிச்சது சரி," என்றாள்.

அத்தை அதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா சொல்லாம அனுப்பறது சரியில்ல. கார் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. இப்பவே சொல்லுங்க."

"சொன்னா நின்னுடுவார்."

"நிக்கறதும் போறதும் அவர் இஷ்டம்."

"முடியாது. ஏழு மாசம் சீக்கிரம் ஓடிடும். ஆபரேஷனை முடிச்சிட்டு நல்லபடியா உக்காந்திருப்பேன்."

மருமகள் கீழே குந்தி, அத்தையின் முழங்கால் அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். குரலை உயர்த்தவில்லை. "அப்படித்தான் ஆகும்னு நானும் நம்பறேன். ஒருவேளை ஆகலேன்னா? டாக்டர் சொன்னப்ப நானும் இருந்தேன். ஏழு மாசம் கழிச்சு அவர் வந்து பெட்டியை எறக்கினா, வாசல்ல நின்னு பதில் சொல்ல வேண்டியவ நான். அதுவரைக்கும் டப்பாவுல உங்க குரல் ஓடிக்கிட்டே இருக்கும், சாப்பிட்டீங்களா, உடம்பைப் பாத்துக்கோங்கன்னு. அவரும் கேட்டுக்கிட்டே இருப்பார். அது வேணுமா அத்தை?"

பெட்டியில் ஒரு காலுறை ஒற்றையாகக் கிடந்தது. அத்தை அதன் ஜோடியைத் தேடினாள், கிடைத்தது, இரண்டையும் சேர்த்துச் சுருட்டினாள்.

"முகத்தைப் பாத்து எனக்கு வராது. அவருக்கும் வராது. நாங்க அப்படியே பழகிட்டோம்."

"அப்ப டப்பாவுலயே சொல்லுங்க. ஆனா கடல்ல கேக்க இல்ல. இங்கே வாசல்ல, கார் ஏறறதுக்கு முன்னால கேக்க."

கதவைத் தாழிட்டு, மருமகள் தன் போனை நீட்டிப் பிடித்தாள். அத்தை தொண்டையைச் செருமினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "பாரு, வாய் தானா அங்கேதான் போகுது."

"பரவாயில்ல. மறுபடி."

"என்னங்க. நான்தான். எனக்கு நெஞ்சுல ஒரு வால்வு சரியா தொறக்கலையாம். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம். உங்ககிட்ட மறைக்கத்தான் பாத்தேன். இவ விடல." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "நீங்க கப்பல் ஏறும்போதெல்லாம் எனக்கு பயம்தான். சொன்னதில்ல. இது அந்த பயம் இல்லீங்க. இது வேற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்." போனைத் தள்ளிவிடப் போனவள் மறுபடி குனிந்தாள். "உடம்பைப் பாத்துக்கோங்க."

இவ்வளவு தேறி வருவதற்குள் மணி மூன்று முப்பத்தைந்து. மருமகள் பதிவைக் கம்ப்யூட்டரில் இறக்கி, மூன்றாம் ஞாயிறு இருந்த இடத்தில் வைத்து டப்பாவைச் சொருகினாள்.

கோடு கால்வாசி ஓடி நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது.

மறுபடி சொருகினாள், மறுபடி நின்றது. இந்தத் தடவை யாரும் அழிக்கவில்லை, நிஜமாகவே டப்பாதான். லென்ஸை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சின்ன உலோகப் பின் தளர்ந்து ஆடியது. காலையிலிருந்து அவள் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதில் வந்த வினை. சூடுவைத்து ஒட்ட நேரமில்லை.

வயரின் தலையைக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினாள். டப்பா உயிர் பெற்றது. விரலை மயிரிழை தளர்த்தினால் செத்தது. அழுத்தியபடியே நின்றாள். கோடு ஊர்ந்தது.

வெளியே கார் ஹாரன் கேட்டது. டிக்கியில் பெட்டி வைக்கும் சத்தமும் கேட்டது.

"மெக்கானிக், ஆகலேன்னா விட்டுடும்மா. பழசே போதும்."

"ரெண்டு நிமிஷம் மாமா."

கட்டைவிரல் வழுக்கத் தொடங்கியது. அத்தை பக்கத்தில் வந்து தன் விரலை அவள் விரலின் மேல் வைத்து அழுத்தினாள். கோடு கடைசிவரை போனது.

முப்பது.

மாமா காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். புதிதாக வெட்டிய முடியில் பத்து வயது குறைந்தாற்போல இருந்தார். மருமகள் மூன்றாவதை எடுத்துவைத்து, இயர்போனோடு டப்பாவை அத்தையிடம் தந்தாள். அத்தை அதை அவர் கையில் வைத்தாள்.

"இப்பவே கேளுங்க."

"இங்கேயேவா? போற வழியில கேக்கறேனே."

"இங்கேயே."

அவர் டிரைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இயர்போனை மாட்டினார். முதலில் சிரிப்பதற்குத் தயாராகத்தான் இருந்தது முகம். பிறகு கார்க் கதவைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. அத்தை அவரைப் பார்க்காமல் மதில் ஓரத்துச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் என்ஜினை அணைத்தார். பதிவு முடிந்தபின்னும் மாமா காதிலிருந்து அதை எடுக்கவில்லை. ஒருமுறை பின்னால் தள்ளி மறுபடி கேட்டார்.

இயர்போனைக் கழற்றியதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை: "எந்தப் பக்க வால்வு?"

"இடது," என்றாள் மருமகள்.

"ரிப்போர்ட் எங்கே?"

அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். மாமா கண்ணாடியை மாட்டி, காகிதங்களைக் காரின் மேல் விரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கப்பல் இயந்திரத்தின் படத்தை எப்படிப் படிப்பாரோ அப்படி, விரலால் தொட்டுத் தொட்டு. ஓர் இடத்தில் நின்றார்.

"மாடி ஏறும்போது நடுவில நின்னு நின்னு ஜன்னல் வழியா என்னமோ பாப்பியே. இதுக்குத்தானா?"

அத்தை தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் உனக்கு வேடிக்கை பாக்கற வயசு வந்துடுச்சுன்னு நெனச்சேன்." காகிதத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை, திரும்பப் பிரித்து மடித்தார். பிறகு மனைவியின் முன்னால் போய் நேராக நின்றார். "நீ சொல்லு. போகவா, இருக்கவா?"

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அத்தை இந்த வாசலில் நின்று சொன்னதெல்லாம் போயிட்டு வாங்க என்ற இரண்டு வார்த்தைதான். மருமகள் அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் தன் முகமே அவளுக்குப் பதிலை எடுத்துக்கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

"இருங்க," என்றாள் அத்தை.

மாமா தலையசைத்தார். போனை எடுத்து, கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டைக் கூப்பிட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து வந்த பதிலை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா ஃபிட்டர் இல்லாம கப்பல் கெளம்ப முடியாது. என்கிட்ட வேற ஆள் இல்ல. ஆறு மணிக்குள்ள நீங்களே ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுங்க. இல்லேன்னா கையெழுத்துப் போட்ட ஆள் நீங்க, நீங்கதான் ஏறணும்."

மணி நாலு பதினைந்து.

"பெட்டியை எறக்கவா சார், இருக்கட்டுமா?" டிரைவர் கேட்டார்.

"இருக்கட்டும்," என்ற மாமா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டி மனைவியை உட்காரச் சொன்னார். "மெக்கானிக், ஒரு பேனாவும் பேப்பரும் கொண்டா. கரையில இருக்கற ஃபிட்டர் எத்தனை பேர்னு எழுதுவோம்."

ஏழு பேர் தேறினார்கள். முதல் ஆளுக்கு லைன் போகவில்லை. இரண்டாவது ஆள் முந்தாநாள்தான் வேறொரு கப்பலில் ஏறிவிட்டாராம். மூன்றாவது எண்ணை அடித்துவிட்டு மாமா போனைக் காதில் வைத்தார். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது. அத்தை பேப்பரில் நாலாவது எண்ணின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.